ஒரே பந்தியில் உட்கார 28 ஆண்டுகள்: கிறிஸ்தவர்களின் ஒற்றுமை என்றால் என்ன?

ஒரு ஞாயிறு பாளையங்கோட்டையிலும் அடுத்த ஞாயிறு நாகர்கோவிலிலும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குப் போகும் வெளியூர்க்காரர் கொஞ்சம் குழம்பிப்போவார். இரண்டு இடத்திலும் பலகையில் ஒரே பெயர். சிலுவையும் தாமரையும் சேர்ந்த அதே முத்திரை. ஆனால் பாளையங்கோட்டைப் பக்கம் ஜெபப் புத்தகம், குருவானவர் சொல்லச் சபையார் பதில் சொல்லும் ஒழுங்கு என்று பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழி) வாசனை இருக்கும். நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் காலத்து எளிமை இன்னும் தெரியும். ஒரே திருச்சபை என்கிறார்கள், பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் ‘கிறிஸ்தவ ஒற்றுமை’ என்று மேடைகளில் சொல்லப்படுவதன் பாதி விஷயம் புரிந்துவிடும். கத்தோலிக்கர்கள் இதைக் ‘கிறித்தவ ஒன்றிப்பு’ என்பார்கள், மற்றவர்கள் ‘ஐக்கியம்’ என்பார்கள். உலக அளவில் இதற்குப் பல உதாரணங்கள் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு முயற்சி நம் ஊரில்தான் நடந்தது. அதை வைத்தே பார்க்கலாம்.

முதலில், இவர்கள் ஏன் பிரிந்திருந்தார்கள்? ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து சீர்திருத்தக்காரர்கள் பிரிந்தார்கள். அவர்களும் ஒன்றாக நிற்கவில்லை. லுத்தரன், ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் என்று கிளைகள் விரிந்தன. ஒவ்வொரு கிளைக்கும் பின்னால் அந்தந்த நாட்டு அரசியலும் சண்டையும் இருந்தன. தரங்கம்பாடிக்கு 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்ததிலிருந்து இந்தக் கிளைகள் ஒவ்வொன்றாக இங்கே வந்து இறங்கின.

வந்த மிஷன்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொள்ளாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டன: உன் களத்துக்குள் நான் வரமாட்டேன், என் களத்துக்குள் நீ வராதே. அதன்படி திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சங்கங்களான சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. கையில் இருந்தது. தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷனிடம். மதுரையும் யாழ்ப்பாணமும் அமெரிக்கன் மிஷனிடம். வேலூர், ஆற்காடு வட்டாரம் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு மிஷனிடம். தஞ்சாவூர், தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன்கள், மன்னார்குடி போன்ற ஊர்களில் மெதடிஸ்ட்கள். ஆக, ஒரு தமிழ்க் குடும்பம் எந்தச் சபை என்பதைத் தாத்தா எந்தத் தாலுகாவில் பிறந்தார் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. ஆங்கிலிக்கனுக்கும் காங்கிரிகேஷனலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குப் போனால், அங்குள்ள ஆலயத்தில் அவர் அந்நியர்.

அந்நியர் என்றால் எந்த அளவுக்கு? இங்கேதான் ‘ஒற்றுமை’ என்பதன் அர்த்தத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாட்டுப் பாடலாம், ஜெபம் பண்ணலாம், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துச் சொல்லலாம். சேர்ந்து கல்லூரியும் மருத்துவமனையும் நடத்தலாம். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியைப் பல மிஷன்கள் சேர்ந்துதான் 1915இல் தொடங்கின. இதெல்லாம் நட்பு, ஒத்துழைப்பு. நம் ஊரில் இரண்டு வீட்டாருக்குள் உறவு எந்த அளவுக்கு என்று தெரிய வேண்டுமானால், பேச்சைப் பார்க்கமாட்டார்கள். கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். திருச்சபைகளுக்கும் அதே சோதனைதான். இயேசுவின் கடைசி இரவு உணவை நினைத்து அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து இருக்கிறதே (நற்கருணை, இராப்போஜனம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்), அதில் உன் குருவானவர் கையிலிருந்து நான் வாங்குவேனா, என் குருவானவர் கையிலிருந்து நீ வாங்குவாயா என்பதே கேள்வி. இதற்கு ஆம் என்று சொல்லும்வரை மற்றதெல்லாம் விருந்தோம்பல் மட்டும்தான்.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. தனித்தனி நிர்வாகத்தைக் கலைத்துவிட்டு ஒரே சபையாக, ஒரே சட்டத்தின் கீழ் வருவது. தென்னிந்தியாவில் நடந்தது இதுதான்.

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத ஒரு பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். அப்பா அந்த ஊர்க் குருவானவர். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு மிஷனரியாகப் போய், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் (பிஷப்) ஆனார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்காரர்கள் நிறைந்த சபையில் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்று கேட்டவர். மிஷனரி உத்தரவு போடுகிறார், இந்தியர் கேட்டு நடக்கிறார் என்ற உறவை முகத்துக்கு நேரே சுட்டிக்காட்டிய பேச்சு அது. பிறகு 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த திருச்சபைகளின் மாநாட்டில் இன்னொன்றும் சொன்னார்: சபைப் பிரிவுகள் உங்கள் நாடுகளில் ஒரு பலவீனமாக இருக்கலாம், எங்கள் நாட்டில் அவை பாவமும் இடறலும்.

அவர் சொன்னதன் பின்னணி யோவான் சுவிசேஷம் 17ஆம் அதிகாரம். இயேசு தம்முடைய சீடர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார். அதைப் பார்த்து உலகம் நம்பும் என்கிறார். அப்படியானால், ஒரே கிராமத்தில் இரண்டு கிறிஸ்தவர்கள் சேர்ந்து திருவிருந்து எடுக்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டு இந்துவுக்கு என்ன சொல்வது? பெரும்பான்மையாக வாழும் நாட்டில் இந்தக் கேள்வி அவ்வளவு உறைக்காது. சிறுபான்மையாக வாழ்பவர்களுக்கு அது அன்றாடப் பிரச்சினை.

எளிதான இணைப்பு முதலில் நடந்தது. பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை ஆயின. இந்த இரண்டு பக்கமும் பேராயர் என்ற பதவி கிடையாது. அதனால் பெரிய தகராறு இல்லை.

கஷ்டமானது அடுத்த இணைப்பு. 1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன்களும் ஐக்கிய சபையினரும் கலந்திருந்த அந்தக் கூட்டத்திலிருந்து ஓர் அறிக்கை வந்தது. எங்கள் பிரிவுகள் எங்களைப் பலவீனமாக்கிவிட்டன, இவை வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, நாங்கள் உண்டாக்கவும் இல்லை, இவை நீடிப்பதை விரும்பவும் இல்லை என்பது அதன் சாரம். மேலை நாட்டு வரலாற்றின் பாரத்தை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற இந்தக் கேள்வியில் அந்தக் காலத்துத் தேசிய இயக்கத்தின் தொனியும் கேட்கிறது. அறிக்கையில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1920இல் பேச்சுவார்த்தைக் கமிட்டி உட்கார்ந்தது. சில ஆண்டுகளில் மெதடிஸ்ட்களும் சேர்ந்துகொண்டார்கள். வேதாகமம், பழைய விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. முடிச்சு முழுக்க ஒரே இடத்தில்: பேராயர்.

ஆங்கிலிக்கன் நம்பிக்கை இது: அப்போஸ்தலர்கள் காலத்திலிருந்து பேராயர் அடுத்த பேராயரின் தலைமேல் கைவைத்து அபிஷேகம் செய்துவரும் சங்கிலி அறுபடாமல் வந்திருக்கிறது. அந்தச் சங்கிலியில் உள்ள பேராயர் கைவைத்தவரே முறையான குருவானவர். ஐக்கிய சபைக்காரர்களும் மெதடிஸ்ட்களும் அப்படி நினைக்கவில்லை. காங்கிரிகேஷனல் வழக்கத்தில் சபையே கூடித் தன் போதகரை அழைக்கும். பிரெஸ்பிட்டேரியன் வழக்கத்தில் மூப்பர்களும் போதகர்களும் கூடிய மன்றம் முடிவு செய்யும். மெதடிஸ்ட்களுக்கு மாநாடு.

இப்போது இரண்டு பக்கத்துப் பயத்தையும் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலிக்கன் கேட்கிறார்: பேராயர் கைவைக்காத ஒருவர் தரும் திருவிருந்து உண்மையான திருவிருந்துதானா, என் மக்களை எப்படி அவரிடம் அனுப்புவது? மதுரைப் போதகர் கேட்கிறார்: நான் 20 வருஷமாக ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன், திருவிருந்து கொடுத்திருக்கிறேன், இப்போது பேராயர் முன் மண்டியிட்டு மறுபடி அபிஷேகம் வாங்கினால் இத்தனை வருஷ ஊழியமும் பொய் என்று நானே ஒப்புக்கொண்டதாகாதா? இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஒற்றுமைப் பேச்சு பெரும்பாலும் உடைவது கோட்பாட்டில் என்று நாம் நினைப்போம். அதைவிட அதிகமாக உடைவது மரியாதை விஷயத்தில்.

தீர்வு வர 20 வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் திட்டம் 1929இல் வெளியானது. அப்புறம் திருத்தம், மறுபடி திருத்தம். கடைசியில் வந்த ஏற்பாடு இப்படி: இணைகிற நாளில் எந்தச் சபையின் போதகரும் மறு அபிஷேகம் வாங்க வேண்டாம், எல்லாரும் இருக்கிறபடியே புதிய திருச்சபையின் குருவானவர்கள். ஆனால் அன்றிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பேராயர் கைவைத்தே அபிஷேகம் நடக்கும். 30 ஆண்டுகளில் பழைய தலைமுறை ஓய்வுபெற்றுவிடும்; அதன்பின் மிச்சமுள்ள விதிவிலக்குகளைப் பற்றித் திருச்சபையே முடிவு செய்யட்டும். அதுவரை, மனச்சாட்சி இடம் கொடுக்காத எந்தச் சபைமேலும் அது ஏற்காத குருவானவரைத் திணிக்கமாட்டோம் என்று ஓர் உறுதிமொழி.

பேராயர் பதவியைப் பற்றியும் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். பேராயர் இருப்பார், ஆனால் சட்டத்துக்கும் மன்றத்துக்கும் கட்டுப்பட்டு இருப்பார். அந்தப் பதவிக்கு இதுதான் இறையியல் விளக்கம் என்று யாரையும் கையெழுத்துப் போடச் சொல்லமாட்டார்கள். சங்கிலி நம்பிக்கை உள்ளவர் அப்படியே நம்பலாம். நல்ல நிர்வாக முறை என்று மட்டும் நினைப்பவர் அப்படி நினைத்துக்கொள்ளலாம். கருத்தில் ஒன்றாகிவிட்டுப் பிறகு சேருவோம் என்று காத்திருக்கவில்லை. முதலில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வோம், ஒன்றாக வாழும்போது மற்றது சரியாகும் என்று துணிந்தார்கள். ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். ஆராதனை முறையை ஒன்றாக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பாளையங்கோட்டை பாளையங்கோட்டையாகவே சேர்ந்தது, நாகர்கோவில் நாகர்கோவிலாகவே சேர்ந்தது.

மெதடிஸ்ட்கள் 1943இல் ஒப்புக்கொண்டார்கள், ஆங்கிலிக்கன் பொதுமன்றம் 1945 ஜனவரியில், ஐக்கிய சபை 1946இல். ஆங்கிலிக்கன் மன்றம் ஒப்புக்கொண்ட அந்த மாதத்தின் முதல் நாளே அசரியா இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பேராயர் சி.கே. ஜேக்கப் தலைமையில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 10 லட்சம் பேர். பேராயரே இல்லாத பாரம்பரியத்திலிருந்து வந்த, ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷனரியான ஆங்கிலேயர் லெஸ்லி நியூபிகின் மதுரை, இராமநாதபுரம் வட்டாரத்துக்குப் பேராயரானார். யாழ்ப்பாணமும் ஒரு பேராயமாகச் சேர்ந்தது, அதன் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன்.

பேராயர் முறை உள்ள சபையும் இல்லாத சபைகளும் உலகத்தில் இப்படி இணைந்தது இதுவே முதல் முறை. அதனால் லண்டனில் பெரிய சத்தம். கவிஞர் டி.எஸ். எலியட்கூட இந்தத் திட்டத்தை எதிர்த்துச் சிறுநூல் எழுதினார். இணைந்த நான்கு ஆங்கிலிக்கன் பேராயங்களும் அதனாலேயே உலக ஆங்கிலிக்கன் குடும்பத்துக்கு வெளியே போக வேண்டியிருந்தது. 1955இல்தான் இங்கிலாந்துத் திருச்சபை ஓரளவு அங்கீகாரம் கொடுத்தது. முழு உறவு வர இன்னும் பல வருஷம். இங்கே ஒன்று சேர்வதற்காக அங்கே உறவை இழக்க வேண்டியிருந்தது. ஒற்றுமை இலவசமாகக் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளூரிலும் எல்லாரும் வரவில்லை. ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆங்கிலிக்கன்களில் ஒரு பெரும் பகுதியினர் வெளியே நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் இழுத்து வரவில்லை, 1975இல் தாங்களாக வந்து தனிப் பேராயமாகச் சேர்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர் 2013இல் பொறுப்பேற்றது அதே நந்தியாலில்தான்.

லுத்தரன்கள் ஏன் இதில் இல்லை என்று கேட்கலாம். பேச்சு 1948இலிருந்தே நடந்தது. கோட்பாட்டில் நிறைய ஒத்துப்போனாலும் இணைப்பு கைகூடவில்லை. தரங்கம்பாடி லுத்தரன் திருச்சபை இன்றும் தனி. இருந்தாலும் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இரு தரப்பு மாணவர்களும் ஒன்றாகப் படிக்கிறார்கள். வட இந்தியாவில் 1970இல் நாக்பூரில் ஆறு சபைகள் இணைந்தன. அங்கே பாப்டிஸ்ட்கள் இருந்ததால் முடிச்சு வேறு: குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, வளர்ந்து விசுவாசித்தவருக்குத்தானா? இரண்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். குருவானவர்கள் விஷயத்தில் 30 ஆண்டு காத்திருக்காமல், எல்லாரும் எல்லார்மேலும் கைவைத்து ஜெபித்து அன்றே கணக்கைத் தீர்த்தார்கள். அது நேர்த்தியான வழிதான். ஆனாலும் தெற்கத்தி வழியில்தான் நேர்மை கொஞ்சம் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. தீராததைத் தீர்ந்ததாகக் காட்டாமல் 30 வருஷம் அதோடு வாழச் சம்மதித்தார்கள்.

கத்தோலிக்கர்களோடு நிலைமை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் ஒன்றிப்பு பற்றிய ஆணையை வெளியிட்ட பிறகே கதவு திறந்தது. 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்தார்கள். கத்தோலிக்கர்கள் அதை வழிபாட்டில் எடுத்துக்கொண்டார்கள். மற்ற தரப்பினர் வீடுகளில் இன்னும் பழைய வேதாகமம்தான். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்பு வாரம் கொண்டாடுகிறார்கள். ஒரே திருவிருந்து மட்டும் இன்னும் இல்லை.

இனி அந்த ஓட்டை. தரங்கம்பாடி அறிக்கை பிரிவுகள் வெளியிலிருந்து வந்தவை என்றது. சாதி எங்கிருந்து வந்தது? அது மிஷனரி கப்பலில் வரவில்லை. ஆலயத்துக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். ஒரே கோப்பையில் பருகமாட்டோம் என்பதே அந்தக் காலத்துச் சண்டைகளில் முக்கியமானது. அதாவது பந்திச் சண்டை. 28 ஆண்டுப் பேச்சில் யார் கையிலிருந்து வாங்குவது என்பதை அலசித் தீர்த்தார்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்து வாங்குவது என்பது அப்படி அலசப்படவில்லை. பேராயர் தேர்தல், கமிட்டித் தேர்தல் வரும்போது எந்த ஓட்டு எங்கே போகும் என்று எண்ணுகிறவர்கள் ஆங்கிலிக்கனா மெதடிஸ்டா என்று எண்ணுவதில்லை, சாதியைத்தான் எண்ணுகிறார்கள். தேர்தலும் சொத்தும் நீதிமன்றம்வரை போகும் வழக்கும் இன்றைக்கு இந்தத் திருச்சபையின் தீராத தலைவலி. இணைப்பு தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அது தீர்க்கக் கிளம்பிய பிரச்சினையைத் தீர்த்தது. தொடவே தொடாத பிரச்சினை அப்படியே இருக்கிறது.

இன்று நிலவரம் இன்னும் மாறிவிட்டது. தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் பெந்தெகொஸ்தே சபைகளும் சுயாதீன சபைகளும் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 1947 முறை இவர்களுக்குப் பொருந்தாது. பேச்சுவார்த்தைக்கு உட்கார வைக்க மாநாடும் கிடையாது, மன்றமும் கிடையாது. பல இடங்களில் போதகரே சபை. குழந்தை ஞானஸ்நானம் செல்லாது என்பவர்களும் இவர்களில் ஏராளம். சி.எஸ்.ஐ. குடும்பத்திலிருந்து ஒருவர் அங்கே போனால் மறுபடி தண்ணீரில் இறங்கச் சொல்வார்கள், பழைய சபைக்கு அது அவமானம். அந்த மதுரைப் போதகரின் மனவருத்தமேதான் இதுவும்.

அதனால் இப்போது பேச்சு நடப்பது ஊர் அளவில். பல ஊர்களில் போதகர் ஐக்கியம் என்று ஒன்று இருக்கிறது. சேர்ந்து ஜெபிக்கிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், தொல்லை வந்தால் சேர்ந்து காவல் நிலையத்துக்கும் போகிறார்கள். திருவிருந்துப் பேச்சை அங்கே யாரும் எடுப்பதில்லை. நடைமுறையில் அதிகம் வருவது கல்லறைப் பிரச்சினைதான். சொந்தக் கல்லறைத் தோட்டம் இல்லாத சுயாதீன சபையில் ஒருவர் இறந்துவிட்டால், குடும்பம் தாத்தாவின் பழைய சபைக்கு வந்து இடம் கேட்கிறது. உறுப்பினர் பதிவேட்டில் பெயர் இல்லை, சந்தா கட்டவில்லை, இடம் தர முடியாது என்கிறது ஒரு கமிட்டி. பாட்டி பக்கத்திலேயே படுக்கட்டும் என்கிறது இன்னொரு கமிட்டி. எந்த விதியும் இல்லாமல், அந்தந்த ஊர்க் குருவானவரும் மூப்பர்களும் அன்று சாயங்காலத்துக்குள் முடிவு செய்கிறார்கள்.